காரைச் சுவரும் காப்புச் சட்டமும்

தமிழில் 'வீடு' என்னும் சொல் இரு பொருள் தருவது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நாம் வாழும் இல்லத்தையும் அது குறிக்கும். இவ்வுலகப் பயணம் முடிந்தபின் உயிர் அடையும் பேற்றினையும் அதுவே குறிக்கும். இரண்டாவது வீட்டைப் பற்றி மறையுரைகளிலும் தியானங்களிலும் நாம் நிறையவே கேட்கின்றோம். முதல் வீட்டைப் பற்றி, அதிலும் நம் முன்னோர் கட்டி நம் கையில் ஒப்படைத்துச் சென்ற பழைய வீட்டைப் பற்றி, நாம் சிந்திப்பது அரிது. சுவரில் விரிசல் கண்டு, கூரை ஒழுகத் தொடங்கிய பின்னரே அது நம் நினைவுக்கு வருகின்றது. அப்போதும் முதலில் எழும் எண்ணம், இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டலாம் என்பதே.

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றூர்களில் இத்தகைய வீடுகளை இன்றும் காணலாம். தெருவில் போவோரும் வருவோரும் அமர்ந்து இளைப்பாறத் திண்ணை. உள்ளே நுழைந்தால் ஒளியும் காற்றும் மழையும் இறங்கும் முற்றம். கோடையிலும் குளிர்ச்சி காக்கும் கனத்த சுவர். பனங்கைகள் தாங்கும் நாட்டோட்டுக் கூரை. வசதி படைத்தோர் வீடாயின் தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் பரப்பிக் காரை இட்ட மச்சு. ஆண்டுதோறும் இவற்றுள் சில மறைகின்றன. பழமையானவை மறையாமல் காக்க அரசு சட்டங்களை இயற்றியுள்ளது. அவை கடுமையானவை என்று முறையிடுவோர் உண்டு. அவை போதா என்று வருந்துவோரும் உண்டு. ஒருவர் தம் வீட்டைத் தம் விருப்பப்படி மாற்றுவதைச் சட்டம் ஏன் தடுக்க வேண்டும்? அத்தடையில் அறம் உண்டா? கிறிஸ்தவ மனச்சான்று இதுபற்றி என்ன சொல்கின்றது? இவ்வினாக்களை வரலாற்றின் வெளிச்சத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மண்ணில் மறைந்தவையும் நின்றவையும்

1606-ஆம் ஆண்டில் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபின் வளர்ந்த மதுரை மறைப்பணித்தளம், தெற்கே நம் கரிசல் நிலம்வரை விரிந்தது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி அதன் பழம்பெரும் மையங்களுள் ஒன்று. வீரமாமுனிவர் அங்கே பணியாற்றினார். சங்கரன்கோவிலை அடுத்த குருக்கள்பட்டியில் 1714-ஆம் ஆண்டளவில் அவர் சிறைப்பட்டு, மரண தண்டனையின் வாயில்வரை சென்று மீண்டார் என்பதும் நம் வட்டாரத் திருச்சபை வரலாற்றின் ஒரு பக்கமாகும். அவர் 1726-ஆம் ஆண்டில் நிறைவு செய்த தேம்பாவணியின் காப்பியத் தலைவர் யார்? நாசரேத்து என்னும் சிற்றூரில் ஓர் எளிய வீட்டைத் தம் உழைப்பால் தாங்கிய தச்சராகிய சூசையப்பர். முப்பத்தாறு படலங்களில் அவ்வீட்டின் தலைவரைப் பாடியவர், நம் ஊர்ப்புறத்தில் எத்தகைய வீடுகளில் தங்கியிருப்பார்? அக்கால மறைப்பணியாளரின் உறைவிடங்கள் மண்சுவரும் ஓலைக்கூரையுமாக அமைந்தவை. ஓலை ஆண்டுதோறும் மாற்றப்பட வேண்டியது. மண்சுவர் மழைதோறும் மெழுகப்பட வேண்டியது. பேணும் கை நின்ற மறு ஆண்டே அவை மண்ணோடு மண்ணாகும். மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டி அவை நமக்குக் கிட்டும் என எதிர்பார்த்தல் இயலாது.

சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் நினைவாக அரசு மாளிகை ஒன்றைப் பேணி வருகின்றது. 1755-ஆம் ஆண்டில் கர்னல் ஹெரானின் படையை எதிர்த்து நின்ற கோட்டை அவ்வூரில் இருந்தது. 1761-இல் யூசுப்கான் அதனைக் கைப்பற்றினார். அக்கோட்டையின் வலிமையை இன்று நாம் ஏட்டிலிருந்தே அறிய வேண்டியுள்ளது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டைத் தாண்டினால் இடையன்குடி. 1841-ஆம் ஆண்டு முதல் அங்கே வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட பேராயர் கால்டுவெல்லின் இல்லம் அரசின் நினைவில்லமாகியுள்ளது. சகோதர சபையினர் ஒருவரின் எளிய வீடு, தமிழர் அனைவருக்கும் உரிய வீடாயிற்று என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

எட்டயபுரம் தரும் பாடம் இவற்றினும் ஆழமானது. 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் பாரதியார் பிறந்த ஊர் அது. கல்கியின் முயற்சியாலும் பொதுமக்களின் நன்கொடையாலும் அங்கே பாரதி மணிமண்டபம் எழுந்தது. 1945-இல் இராஜாஜி அடிக்கல் நாட்ட, நாடு விடுதலை பெற்ற 1947-இல் அது திறக்கப்பட்டது. கவிஞர் பிறந்த வீடோ 1973-ஆம் ஆண்டில்தான் அரசின் நினைவில்லமாயிற்று. நினைவைப் போற்றப் புதிய மண்டபம் கட்டுவது நமக்கு எளிதாக உள்ளது. அந்நினைவு உண்மையில் குடியிருந்த பழைய சுவர்களைக் காப்பது கால் நூற்றாண்டு கழித்தே நம் கருத்தில் ஏறுகின்றது. அங்ஙனம் காக்கப்பட்ட வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இடிந்து விழுந்தது. நாடே அறிந்த கவிஞரின் வீடு, அரசின் பொறுப்பில் உள்ள வீடு, நாள்தோறும் மக்கள் வந்து காணும் வீடு. அதற்கே இந்நிலை எனில், பெயரறியாதார் கட்டிய ஊர்ப்புற வீடுகளின் நிலை என்ன? 'நினைவுச்சின்னம்' என்று பலகை எழுதி மாட்டுவதால் ஒரு வீடு காக்கப்படுவதில்லை. உத்திரத்தை ஆண்டுதோறும் தட்டிப் பார்ப்பதாலும், மழைநீர் வடியும் வழியை அடைப்பின்றி வைப்பதாலுமே அது காக்கப்படுகின்றது.

விவிலியம் கூறும் வீட்டுச் சட்டம்

பழைய வீட்டைப் பழுதுபார்க்க விதிமுறை வகுப்பது இக்கால அதிகாரிகளின் கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அவ்வாறன்று. லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், வீட்டுச் சுவரில் தோன்றும் பூஞ்சைக் கறை பற்றிய ஒழுங்குகள் விரிவாகக் கூறப்பட்டிருப்பதைக் காண்போம். வீட்டுக்காரர் தாமே முடிவு செய்துவிடலாகாது. குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு வந்து சுவரை நேரில் ஆராய வேண்டும். அவர் வருமுன் தட்டுமுட்டுப் பொருள்களை வெளியே எடுத்துவிட இசைவும் உண்டு. வீட்டோடு சேர்ந்து ஏழையின் உடைமையும் தீட்டென்று கழிக்கப்படலாகாது என்னும் இரக்கம் அதில் தெரிகின்றது. பின்னர் ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். கறை பரவியிருப்பின் கெட்ட கற்களை மட்டும் பெயர்த்தெடுத்து, பழைய பூச்சைச் சுரண்டி, வேறு கற்கள் பதித்துப் புதுப்பூச்சு இட வேண்டும். அதன் பின்னும் கறை திரும்பினால்தான் வீட்டை இடிக்கலாம்.

இதில் அடங்கியுள்ள முறைமையை உற்று நோக்குவோம். முதலில் ஆய்வு, அடுத்துக் காத்திருத்தல், பின்னர்க் கெட்டதை மட்டும் மாற்றுதல், இடித்தல் இறுதியிலும் இறுதி. இன்று உலகெங்கும் பழங்கட்டடக் காப்பு வல்லுநர் வலியுறுத்தும் வரிசை இதுவே. இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரமோ, புதுவீடு கட்டுவோர் எவரும் தவறி விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று கட்டளையிடுகின்றது. வீடு தனியொருவரின் உடைமையாயினும், அதனால் பிறருக்கு விளையும் நன்மை தீமைகளுக்கு அவர் பொறுப்பாளி என்பதே இதன் உட்பொருள்.

உரோமையில் தோன்றிய ஒழுங்குகள்

பழங்கட்டடங்களைக் காக்கும் சட்டங்களின் வரலாற்றில் திருத்தந்தையர்க்குச் சிறப்பான இடம் உண்டு. 1462-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் பயஸ் வெளியிட்ட ஆணை ஓலை, உரோமை நகரின் பண்டைக் கட்டடங்களைத் தம் அனுமதியின்றி இடிப்பதையும் சிதைப்பதையும் தடை செய்தது; மீறுவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்றும் எச்சரித்தது. தம் சொந்த நிலத்திலுள்ள இடிபாட்டையும் ஒருவர் தொடலாகாது என்னும் அளவிற்கு அது கடுமையாயிருந்தது. 1515-இல் பத்தாம் லியோ, ஓவியர் இரபேலைப் பழம்பொருள் கண்காணிப்பாளராக அமர்த்தினார். எழுத்துப் பொறித்த கல் எதையும் அவர் இசைவின்றிச் செதுக்கலாகாது என்று விதித்தார். 1820-இல் கர்தினால் பாக்கா வெளியிட்ட ஆணை, பொருள்களைப் பட்டியலிடுதல், அனுமதி பெறுதல், கண்காணித்தல் என முழுமையான ஒழுங்கு முறையையே வகுத்தது. பிற்காலத்தில் பல நாடுகளின் சட்டங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று.

உண்மையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. இதே நூற்றாண்டுகளில் புதிய தூய பேதுரு பேராலயத்தைக் கட்டவெனப் பழைய உரோமையின் சலவைக் கற்கள் பெயர்க்கப்பட்டன. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் எழுப்பிய பழைய பேராலயமும் இடிக்கப்பட்டது. இரபேலுக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்திலும், புதிய பேராலயத்திற்குக் கற்கள் தேர்ந்தெடுக்கும் பணி சேர்ந்தே இருந்தது. சட்டம் எழுதிய கையே சில வேளை கடப்பாரையையும் பிடித்தது. ஆலயப் பற்று மிகுந்தோர்க்கே இச்சோதனை மிகுதி. ஏனெனில், இறைவனுக்கு இன்னும் பெரியதைக் கட்டுகின்றோம் என்னும் எண்ணம், இருப்பதை இடிக்கும் குற்றத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது. இன்றைய நம் பங்குகளுக்கும் இச்சொல் பொருந்தும்.

இந்தியச் சட்டங்கள் சொல்வது

இந்தியாவில் கர்சன் பிரபு காலத்தில் 1904-இல் பண்டைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விடுதலைக்குப் பின் நம் அரசியலமைப்பின் 49-ஆம் பிரிவு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்றது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட 51அ பிரிவோ, நம் கலப்புப் பண்பாட்டின் வளமான மரபைப் பேணுதல் ஒவ்வொரு குடிமகனின் கடமை என்றது. 1958-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்க வழி செய்தது. தமிழ்நாட்டிற்கெனத் தனிச் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது. 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டமும் நிறைவேறியது.

நடுவண் சட்டத்தின் கடுமை 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முழுமை பெற்றது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தொலைவு தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக்கட்டடம் எழுப்புதல் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தடைசெய்யப்பட்ட பகுதியில் 1992-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாளுக்கு முன்பே இருந்த வீடாயின், உரிமையாளர் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்துப் பழுதுபார்க்கவும் சீரமைக்கவும் இசைவு பெறலாம். மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறையோ, ஓர் இலட்ச ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான கொள்கைகளை 1964-ஆம் ஆண்டு வெனிசு நகரில் கூடிய வல்லுநர்கள் சாசனமாக வகுத்தனர். அவற்றுள் மூன்று நம் கவனத்திற்கு உரியவை. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். அதாவது, முன்பு எப்படி இருந்தது என்று தெரியாததை நாமே புனைந்து கட்டலாகாது. புதிதாய்ச் சேர்க்கும் பகுதி பழையதோடு இசைய வேண்டும். ஆயினும் உற்று நோக்குவோர் இது புதியது என்று கண்டுகொள்ளும்படியும் இருக்க வேண்டும். பல காலத்தவரும் அக்கட்டடத்தில் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும். ஒரு காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சுரண்டி எறியலாகாது. இம்மூன்றும் பொறியியல் விதிகள் போலத் தோன்றினும், உண்மையில் வாய்மையின் விதிகளே. பொய்ச்சான்று சொல்லாதிருத்தல் கல்லுக்கும் காரைக்கும் உரிய கட்டளைதான்.

சுண்ணாம்பின் பொறுமை

இவ்விதிகள் ஏன் இவ்வளவு நுணுக்கமாக உள்ளன என்பதை உணரப் பழைய வீட்டின் உடலமைப்பை அறிதல் வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீரில் தாளித்து, வாரக்கணக்கில் ஊற வைத்து, மணலோடு சேர்த்துக் கல்லுருளையால் அரைத்தனர் நம் கொத்தனார்கள். கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டி அல்லது வெல்லக் கரைசலையும் அதில் சேர்த்தனர். அக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுகின்றது. 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் மச்சில், தேக்குச் சட்டங்களின் குறுக்கே மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, கோணவாக்கில் அடுக்கிக் காரையால் பிணைத்தனர். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, வரிசையாய் அமர்ந்த பெண்கள் மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கினர். மேலே தட்டோடு பதிக்கப்பட்டது.

இத்தகைய சுவர் மூச்சு விடும் சுவர். மண்ணிலிருந்து ஏறும் ஈரமும் மழையில் ஊறிய ஈரமும் காரையின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். இதன்மேல் சிமென்டைப் பூசினால் என்ன நிகழும்? வலிமை கூடும் என்று எண்ணுகின்றோம். ஆனால் சிமென்டு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே சிக்கிய நீர் உப்பைக் கரைத்துச் சுமந்து செங்கல்லில் தங்கும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியாய் உதிரும். உத்திரத்தின் முனை சுவருக்குள் இருந்தபடியே உளுத்துப் போகும். மேற்பூச்சு பளபளவென்று நிற்க, உள்ளே வீடு நோயுறும். வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள் பற்றி ஆண்டவர் கூறியது இங்கே நம் நினைவுக்கு வருதல் இயல்பே.

கோவா தரும் எடுத்துக்காட்டும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1594-இல் தொடங்கி 1605-இல் நிறைவுற்ற போம் ஜேசு பேராலயத்தில் தூய சவேரியாரின் உடல் பேணப்படுகின்றது. 1986 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். 1950-களில் போர்த்துக்கீசிய ஆட்சியில் நடந்த சீரமைப்பின்போது, பழமைத் தோற்றம் தெரிய வேண்டும் என்று கருதி அதன் வெளிச்சுவரின் சுண்ணாம்புப் பூச்சை அகற்றினர். செந்நிறச் செம்புரைக் கல் வெளிப்பட்டது; காண்போர் அதுவே பழமை என்று வியந்தனர். ஆனால் அக்கல் மழையைத் தாங்கும் இயல்பினதன்று. பூச்சுதான் அதன் தோல். தோலை உரித்தபின் ஆண்டுதோறும் பருவமழை கல்லை அரித்து வருகின்றது. மீண்டும் பூச வேண்டும் என்னும் கோரிக்கை 2020-இல் அங்கிருந்தே எழுந்தது. நாம் பழகிய தோற்றம் மாறலாமா என்னும் எதிர்ப்பும் உடன் எழுந்தது. பழமையின் தோற்றத்தைக் காப்பதும் பழமையைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சட்டத்தின் சுமை யார் தோளில்?

சட்டத்தின் தேவையை ஒப்புக்கொள்ளும் நாம், அதன் சுமையையும் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். பழஞ்சின்னத்தின் அருகே தலைமுறைகளாகக் குடியிருக்கும் நெசவாளர் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். மகனுக்குத் திருமணம், ஓர் அறை கூடுதலாக வேண்டும். வயது முதிர்ந்த தாய்க்கு வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வேண்டும். நகரத்தில் செல்வர் ஒருவர் ஐந்து மாடி கட்ட விழைவதும், இவர் ஓர் அறை கட்ட விழைவதும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகையாகவே தோன்றுகின்றன. விண்ணப்பம் எழுதவும் வரைபடம் போடவும் அவரிடம் வசதி இல்லை. தம் பழைய வீட்டைப் பழுதுபார்க்க இசைவு பெறலாம் என்னும் விதி இருப்பதே அவருக்குத் தெரியாது. சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனார் அருகி வருகின்றனர். கிடைத்தாலும் அவ்வேலைக்கு நாளும் கூலியும் மிகுதி. பொதுநன்மைக்காக ஒருவர் தம் உரிமையைக் குறைத்துக்கொள்ள வேண்டுமெனில், அச்செலவில் பொதுச் சமூகமும் பங்கேற்பதே நீதி. திருச்சபையின் சமூகப் போதனையும் இதையே வலியுறுத்தும்: தனியுடைமைக்குச் சமூகக் கடமை உண்டு, சமூகத்திற்கும் தனி மனிதரைத் தாங்கும் கடமை உண்டு. லேவியர் நூலின் குரு, ஏழையின் தட்டுமுட்டுப் பொருள்களைக் காத்த பின்னரே வீட்டினுள் நுழைந்தார் என்பதை மறத்தலாகாது.

மற்றோர் உண்மையும் உண்டு. நடுவண் அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 3,700 மட்டுமே. நம் நாட்டின் சிற்றூர்களோ ஆறு இலட்சத்தைத் தாண்டும். நெடிய தெருக்களில் நிற்கும் பழைய வீடுகளுள் மிகப் பெரும்பாலானவை எச்சட்டத்தின் காவலிலும் இல்லை. அவற்றை நாளையே இடிக்கலாம், கேட்பார் இல்லை. நம் பங்குகளின் பழைய குருமனைகள், கன்னியர் இல்லங்கள், தொடக்கப் பள்ளிகள், கிராமச் சிற்றாலயங்கள் ஆகியவற்றுள் பெரும்பாலானவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. சட்டம் எட்டாத இடத்தில் மனச்சான்றே சட்டமாக நிற்க வேண்டும்.

பேதுருவின் வீடு

பழைய வீட்டைக் காப்பது என்றால் அதை அசையாமல் உறைய வைப்பது என்று அஞ்சுவோர்க்கு, கப்பர்நாகூம் நல்ல விடை அளிக்கின்றது. கலிலேயக் கடலோரத்தில் மீனவர் வாழ்ந்த சிற்றூர் அது. 1968-ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கு சபைத் துறவியரான கோர்போ, லொஃப்ரேதா ஆகியோர் அங்கே அகழாய்வைத் தொடங்கினர். கருங்கல்லை ஒழுங்கின்றி அடுக்கிய சுவர்கள், நடுவே முற்றம், சுற்றிலும் சிறு அறைகள். நம் ஊர்ப்புற வீடுகளைப் பெரிதும் ஒத்த அமைப்பு. அவற்றுள் ஓர் அறை மட்டும் தொடக்கக் காலத்திலேயே தரையும் சுவரும் திரும்பத் திரும்பப் பூசப்பட்டு, இறைவேண்டலுக்குரிய இடமாகப் போற்றப்பட்டிருந்தது. அதுவே தூய பேதுருவின் வீடு என மரபு கொள்கின்றது. நான்காம் நூற்றாண்டில் அவ்வறை விரிவாக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் அதன்மேல் எண்கோண ஆலயம் எழுந்தது. 1990-இல் கட்டப்பட்ட புதிய ஆலயமோ, தூண்களின்மேல் உயர்ந்து நின்று, பழைய சுவர் எதனையும் மிதியாமல், நடுவே அமைந்த கண்ணாடி வழியே கீழுள்ள வீட்டை நோக்கும்படி அமைந்துள்ளது.

ஒவ்வொரு தலைமுறையும் அவ்வீட்டில் ஏதோ ஒன்றைச் சேர்த்தது. கடைசித் தலைமுறை, சேர்ப்பதோடு முன்னையோர் சேர்த்ததைக் காணவும் இடம் விட்டது. புதுமை வேண்டா என்று எவரும் சொல்லவில்லை. புதியது பழையதன்மேல் ஏறி நிற்கும்போது அதை நசுக்காமல் நிற்கலாம் என்பதே அங்கே நாம் கற்கும் பாடம்.

நாம் செய்யத்தக்கவை

திருச்சபையின் சட்டத் தொகுப்பு இதுபற்றி மௌனம் சாதிக்கவில்லை. திருச்சபை உடைமைகளைப் பேணுவோர் அனைவரும் நல்ல குடும்பத் தலைவருக்குரிய அக்கறையோடு செயல்பட வேண்டும் என்றும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை அழியாமலும் சேதமுறாமலும் விழிப்பாயிருக்க வேண்டும் என்றும் 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1284-ஆம் விதி கூறுகின்றது. பண்பாட்டுச் சிறப்புடைய பொருள்களைத் துல்லியமாகப் பட்டியலிட வேண்டும் என்பது 1283-ஆம் விதி. தொன்மையாலோ கலையாலோ வணக்கத்தாலோ சிறந்த திருவுருவங்களை ஆயரின் எழுத்து வடிவ அனுமதியின்றிப் புதுப்பிக்கலாகாது. ஆயரும் வல்லுநரைக் கலந்தே அனுமதி தர வேண்டும் என்பது 1189-ஆம் விதி. இரண்டாம் வத்திக்கான் சங்கமும், குருக்கள் தம் பயிற்சிக் காலத்திலேயே திருக்கலையின் வரலாற்றைக் கற்று, திருச்சபையின் மதிப்புமிக்க சின்னங்களைப் பேண அறிந்திருக்க வேண்டும் எனத் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் விரும்பியது.

இவற்றைச் செயலாக்கப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு பழைய குருமனையையோ வீட்டையோ தொடுமுன், அதன் அறைகளை அளந்து வரைந்து, ஒவ்வொரு சுவரையும் நிழற்படம் எடுத்து வைக்கலாம். கல்வெட்டோ, கட்டிய ஆண்டு பொறித்த பலகையோ இருப்பின் அதன்மேல் வண்ணம் பூசாதிருக்கலாம். ஊரிலுள்ள முதியோரிடம் அக்கட்டடத்தின் கதையைக் கேட்டு எழுதி வைக்கலாம். பழுதுபார்க்கத் தொடங்கினால் கூரையிலிருந்து தொடங்க வேண்டும். கூரையும் வடிகாலும் நன்றாயிருப்பின் சுவர் தானே நெடுநாள் நிற்கும். காரைச் சுவருக்குக் காரையே பூச வேண்டும். ஓர் உத்திரம் உளுத்திருந்தால் அவ்வுத்திரத்தை மாற்றலாம். அதைக் காரணம் காட்டி வீட்டையே இடித்தல் முறையன்று. கழிப்பறையும் மின்வசதியும் வேண்டுமெனில், முகப்பையும் முற்றத்தையும் சிதைக்காமல் பின்புறத்தில் அமைக்கலாம். இவ்வளவுக்கும் பின்னர், உண்மையிலேயே காக்க இயலாத நிலை எனத் தகுதியுள்ள பொறியாளர் சொன்னால், இடிப்பதிலும் பாவமில்லை. மனித உயிரைவிடப் பழஞ்சுவர் பெரிதன்று. ஆனால் அம்முடிவு ஆய்வுக்குப் பின் வர வேண்டும். வெள்ளிவிழா மலரில் புதுக்கட்டடத்தின் படம் இடம்பெற வேண்டும் என்னும் அவசரத்தால் வரலாகாது.

நம்பிக்கை என்பது காற்றில் கையளிக்கப்படுவதன்று. பெயர் தெரியாத ஓர் உபதேசியார் ஞாயிறுதோறும் சிறுவரை அமர்த்திச் செபம் கற்பித்த திண்ணை, கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளிகளுக்கு இடம் தந்த முற்றம், பாட்டியார் செபமாலை சொல்லிச் சாய்ந்த தூண்: இவற்றின் வழியேதான் அது நம் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. திண்ணையை இடித்தபின் அக்கதையை எந்த இடத்தில் நின்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்? வானக வீட்டை நாடும் பயணிகள் நாம் என்பது மெய்யே. எனினும், வழியில் தங்கிய சத்திரத்தை அடுத்து வருவோர்க்கு ஒழுங்காய் விட்டுச் செல்வதும் நல்ல பயணிக்கு அழகு. நமக்குமுன் தங்கியோர் அங்ஙனம் விட்டுச் சென்றதால்தான், இன்று நமக்கு ஒரு கூரை இருக்கின்றது.